புள்ளிக்கோட்டு ஏரி

"தெரியாது" என்ற ஒரு சொல்லைச் சொல்லப் பழகுவதற்குள் எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது. அதற்கு முன் நான் செய்த அக்கிரமங்களில் ஒன்று இது.

எழுபதுகளின் கடைசி. அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் பூகோள ஆசிரியர் வேலை. இடம் ஒன்றே ஒன்று. பெரம்பலூரில் ஏறிய பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துசாமியும் அதே இன்டர்வியூவுக்குத்தான் வந்தார். வாலிகண்டபுரத்துக்காரர்.

"வேல கெடச்சாத்தான் பொண்ணு தருவோங்கறாங்க சார்" என்றார். (நான் எம்.ஏ. முதல் வகுப்பு. அந்த 'சார்' எனக்குப் பிடித்திருந்தது.)

பள்ளி வராந்தாவில் ஒரு பழைய வரைபடம் தொங்கியது. வடதுருவத்தை ஒட்டிய துந்திரப் பிரதேசம். மரமே இல்லாத உறைநிலம். அம்மை போட்டதுபோல் எங்கு பார்த்தாலும் ஏரிகள். சில ஏரிகளுக்கு முழுக்கோடு, சிலவற்றுக்குப் புள்ளிக்கோடு. அதைத்தான் விளக்கச் சொல்வார்கள் என்று பியூன் காதைக் கடித்தார்.

"புள்ளி எதுக்குங்க? யாரும் அங்க போய்ப் பாக்கலையோ?" என்றார் முத்துசாமி.

நான் சிரித்தேன். "பாக்காம ஏரிய எவன்யா வரைவான்? கோடையில வத்துற ஏரி அது, உங்கூரு ஏரி மாதிரி." நம் பக்கத்து வரைபடங்களில் வற்றும் ஏரியை அப்படித்தான் போடுவார்கள். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

முத்துசாமி முதலில் போய், நான் சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டு வேர்த்துப்போய் வந்தார். அடுத்து நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வற்றிய ஏரிக்குள் அந்த ஊர்க்காரர்கள் எள் விதைப்பார்கள் என்றும் சேர்த்தேன்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பனியில எள்ளா? ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல வந்தீங்களா? சர்வே பண்ணவங்க கிட்டப் போக முடியாம, தூரத்துலேருந்து உத்தேசமா வரைஞ்ச கரைய்யா அது. யாரு யாருக்குச் சொல்லிக் குடுத்தது?"

"அவருதான் எனக்குச் சொன்னாரு சார்" என்றேன்.

"அப்படியா? அவர இன்னொரு தடவ கூப்புட்டுக் கேக்கலாம்னு இருந்தேன்" என்று ஒரு பெயரைப் பேனாவால் அடித்தார்.

வேலை மூன்றாவதாக வந்தவருக்குப் போனது. முத்துசாமிக்குப் பேசிய பெண்ணும் வேறிடம் போனாள். அவருக்கு வேறு வேலையும் வேறு பெண்ணும் அமைய நாலு வருடமாயிற்று.

பிற்பாடு அவர் மகனுக்கே என் மகளைக் கொடுத்தேன். இன்றும் நான் எதைப் பற்றி வாய் திறந்தாலும் கேட்பார்: "போய்ப் பாத்தீங்களா சம்பந்தி, இல்ல புள்ளிக்கோடா?" பேரப்பிள்ளைகள் வரை சிரிக்கும்.

வீட்டில் எல்லாருக்கும் எள் வரைக்கும்தான் தெரியும். அதற்கப்புறம் நான் சொன்ன ஒரு வரியை இத்தனை வருடம் புள்ளிக்கோடாகவே விட்டிருந்தேன். இன்றுதான் முழுக்கோடு போடுகிறேன். சம்பந்தி, இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்காவிட்டாலும் நியாயம்தான்.