கழுத்துக்குக் கிடைத்த உத்தியோகம்

மட்டாஞ்சேரி,
புதன்கிழமை

மதிப்புக்குரிய மாமா ராசப்பன் அவர்களின் சமூகத்துக்கு மருமகன் இசக்கிமுத்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் கழுத்தும் நலம். அங்கே தாங்களும் அத்தையும், என்னோடு கோபித்துக்கொண்டு வந்திருக்கும் பொன்மணியும் நலந்தானா? என் குரல் கேட்டதும் தாங்கள் போனை வைத்துவிடுவதால் இந்தக் கடிதம்.

"மூட்டை தூக்குறவனுக்குத் தலை எதுக்குடே, சும்மாடு வைக்கவா? கம்பெனி வேலை கிடைச்சதும் வந்து எம்பிள்ளையக் கூட்டிட்டுப் போ" என்று ஆவணியில் சொன்னீர்கள். கிடைத்துவிட்டது மாமா. அதுவும் தலைக்கே கிடைத்திருக்கிறது.

எங்கள் அரிசி மண்டியின் மாடியில் ஒரு கம்பெனி ஹெட்செட் செய்கிறது. காதில் மாட்டுவது இல்லை, முகத்தையே மூடுவது. அதன் கேமராக்கள் நாம் நிற்கும் அறையை உள்ளே அப்படியே காட்டும், கூடவே அங்கே இல்லாத பொருளையும் இருப்பதுபோல் கொண்டுவந்து வைக்கும். லென்ஸ், பேட்டரி, சூடு தணிக்கும் விசிறி என்று அத்தனை பாரமும் மூக்குக்கு முன்னால் தொங்குவதால், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் பெட்டி ஏற்றப் போன அன்று எஞ்சினியர் மாளவிகா மேடமே கழுத்தில் பட்டையோடுதான் நின்றார். "இசக்கி சேட்டா, இத ஒண்ணு வெச்சு நோக்குங்க. வேதனை எடுத்தா உடனே பறயணும்" என்றார். மாட்டினேன், சாயா குடித்தேன், படியிறங்கி வந்து பாதி லாரி அரிசியை இறக்கினேன், அதற்குள் மேலே எல்லோரும் ஹெட்செட்டைக் காணோம் என்று தேடுகிறார்கள், எனக்கோ மாட்டியிருக்கிற நினைப்பே இல்லை.

போன வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் கம்பெனியை மூடிவிடுவார்களாம். மாளவிகா மேடம் என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். எந்த மூட்டை எங்கே போகவேண்டுமோ அங்கே தரையில் பச்சைக் கட்டம் தெரிந்தது, அடுக்கினேன். நாளைக்கு வல்லார்பாடம் துறைமுகத்திலும் ஆஸ்பத்திரியிலும் இதுதான் வழிகாட்டும் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நல்ல நாற்காலி ஒன்று கிடக்கிறதே என்று உட்கார்ந்தேன் மாமா. அது இல்லாத நாற்காலி. இடுப்பு தரையில் மோதியது. ஆனால் வழுக்கினாலும் மூட்டை விழக்கூடாது என்று பழகிய கழுத்தல்லவா, தலை மட்டும் அசையாமல் நேராக நின்றது. ஹெட்செட்டில் ஒரு கீறல் இல்லை. வந்தவரில் மூத்தவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"சேட்டன் இனி மூட்டை தூக்க வேண்டா. நம்ம ஸ்டாஃபாக்கும்" என்றார் மேடம். போட்டோ வைத்த அட்டையும் அதே கழுத்தில் தொங்குகிறது. நகல் இணைத்திருக்கிறேன், தெருவில் நாலு பேருக்குக் காட்டவும்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி என்றும் என் தலைமேல் இருக்கட்டும், எவ்வளவு கனமானாலும் தாங்கும்.

இப்படிக்கு,
சு. இசக்கிமுத்து,
பரிசோதகர்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் மேடம் புது மாடலைக் கொண்டுவந்து காட்டினார். வெறும் மூக்குக்கண்ணாடி அளவு கனம்தான், பேட்டரி சட்டைப்பையில். "மழை கழிஞ்சா இதுதான் சேட்டா. இனி ஆருக்கும் கழுத்து நோவாது" என்று ஒரே சந்தோஷம். ஆகையால் பொன்மணியை இந்த வாரமே ரயிலேற்றிவிடவும்.