பல்லண்ணையும் கொம்பு ஓணானும்

சிட்னியில் நான் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதர்கள் பலர் உண்டு. வீடு வாங்கியவர்கள், கார் வாங்கியவர்கள், நாற்பது வயதிலும் தலையில் முடி மிச்சம் வைத்திருந்தவர்கள். ஆனால் அத்தனை பேர் மீதும் பட்ட பொறாமையைக் கூட்டிப் பார்த்தாலும் பல்லண்ணை மீது பட்டதில் கால்வாசிகூடத் தேறாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. நகரின் ஓர் அருங்காட்சியகத்தில் நான் தற்காலிக உதவியாளன். தஞ்சாவூரிலிருந்து விலங்கியலில் பட்டம் வாங்கிக்கொண்டு போன எனக்கு, அந்தக் கட்டடத்தில் ஒரே தமிழன் என்ற பெருமையும் இருந்தது. இரண்டு வருடம் அதை அனுபவித்தேன். பிறகு அவர் வந்து சேர்ந்தார்.

யாழ்ப்பாணத்தில் பல் செட் கட்டிக்கொண்டிருந்தவர். அந்தத் தொழிலை இங்கே செய்ய வேறு பரீட்சை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் படித்துக்கொண்டே எங்கள் நிலவறையில் வேலைக்குச் சேர்ந்தார். சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கும் பாம்பு, பல்லி, தவளைகளின் பாட்டில்களில் குறைந்துபோன சாராயத்தை ஊற்றி நிரப்புவதுதான் வேலை. அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எனக்கு அவர் பல்லண்ணை.

மனிதர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சட்டைப் பையில் நீளக் கம்பி வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கும். முதல் நாள் நான் கை நீட்டி, "வாங்கண்ணே, நான் தஞ்சாவூர்" என்றேன். அவர் கையைப் பார்க்கவில்லை.

"கீழ் வரிசையிலை இடப்பக்கம் ஒண்டு ஆடுது. தம்பி இடப்பக்கத்தாலை சப்புறேல்லை, என்ன?"

உண்மைதான், அந்தப் பக்கம் மென்று மாதக்கணக்காகியிருந்தது. அதற்காகவே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

எங்கள் பிரிவுத் தலைவர் மீன் ஆராய்ச்சியாளர். நல்ல மனிதர், ஆனால் பொய்ப்பல். 'ஸ்' வருகிற சொல்லைச் சொன்னால் பிரஷர் குக்கர் மாதிரி விசில் அடிக்கும். பாவம், நாள் முழுக்க 'ஸ்பீஷீஸ்' என்று சொல்லிப் பிழைக்கிற தொழில் அவருக்கு. கூட்டம் நடக்கும்போது ஜன்னலில் பறவை வந்திருக்கிறதோ என்று புதியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு வருடமாக நான் மட்டும் முகத்தில் சலனமே இல்லாமல் கேட்டு, அந்த விசுவாசத்துக்காகவே வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்தேன்.

பல்லண்ணை வந்த மூன்றாவது வாரம், கூட்டத்தின் நடுவே, "சேர், அதைக் கழட்டித் தாங்கோ" என்று கையை நீட்டினார். அதை இங்கிலீஷிலும் சொன்னார். ஆளைத் துரத்தப்போகிறார்கள் என்று நினைத்தபோது, எனக்குள்ளே ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தலைவர் ஒரு நிமிஷம் யோசித்தார். கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மதிய இடைவேளைக்குள் ஓர் அரத்தை வைத்து ராவிக் கொடுத்தார் மனிதர். மாலையில் தலைவர் எங்களை வரிசையாக நிறுத்தி 'ஸ்பீஷீஸ், ஸ்பீஷீஸ்' என்று பன்னிரண்டு தடவை சொல்லிக் காட்டினார். ஒரு விசில் இல்லை. அன்றிலிருந்து நிலவறைக்கு இறங்கினால், "எங்கே என் நண்பர்?" என்று கேட்பார். நான்தான் முன்னால் நிற்பேன். என்னைக் கேட்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாட்கள் ஆயின.

டீ போடும் மார்ஜரிகூட, கடைவாய் வீக்கத்துக்கு அவர் உப்புத் தண்ணீர் வைத்தியம் சொன்ன பிறகு, கேக்கில் பெரிய துண்டை அவருக்கு வெட்டினாள். இரண்டு வருடமாக எனக்கு ஓரத் துண்டு.

இந்த நிலைமையில்தான் எனக்குக் கொம்பு ஓணான் கிடைத்தது.

பழைய அலமாரியின் பின்வரிசையில் ஒரு பாட்டில். உள்ளே உள்ளங்கை அகலத்தில் தட்டையாக ஓர் ஓணான். பின்தலையில் கிரீடம் வைத்தாற்போல் கொம்புகள், உடம்பெல்லாம் முள். வால் பாதி போயிருந்தது, நிறம் மொத்தமும் போயிருந்தது. அடியில் கரைந்து கிடந்த சீட்டில் படிக்க முடிந்தது 'பாலைவனம்' என்ற ஒரே சொல். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இதே போல முள்ளும் கொம்புமாக ஓர் ஓணான் உண்டு, ஊரே அறிந்தது. ஆனால் அதற்குக் கழுத்தின் மேல் ஒரு திமில் இருக்கும். இதற்கு இல்லை. அப்படியானால் இது அதன் தம்பி. இதுவரை எவனும் பெயர் வைக்காத தம்பி!

ஊர்வன நிபுணர் ஒரு வருட விடுப்பில் இருந்தார். என்னைத் தடுக்க ஆளில்லை. மூன்று மாதம் செதில்களை எண்ணினேன், முட்களை அளந்தேன், கட்டுரை எழுதினேன். கண்டுபிடித்தவன் தன் பெயரையே வைத்துக்கொள்வது மரியாதை இல்லையாம். அதனால் லத்தீன் வால் ஒட்டித் தலைவரின் பெயரை வைத்தேன். அவர் கண் கலங்கிப்போனார். நிரந்தர வேலை கைக்கெட்டும் தூரத்தில். ஒரு திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தத் திங்கட்கிழமை காலை நிலவறைக்குப் போனால், பல்லண்ணை என் ஓணானின் வாயை ஒரு குச்சியால் திறந்து கண்ணாடியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே! அதைத் தொடாதீங்க!"

"பொறும் தம்பி. நீர் உது இஞ்சத்தைய பாலைவனத்து ஓணான்ரை சொந்தம் எண்டெல்லோ எழுதினீர்?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இஞ்சத்தைய ஓணானுக்குப் பல்லு தாடையின்ரை விளிம்புக்கு மேலை, எலும்போடை எலும்பா ஒட்டிக் கிடக்கும். எல்லாப் போத்திலையும் பாத்திட்டன். உதுக்கு அப்பிடி இல்லை. தாடையின்ரை உள்பக்கத்திலை சாய்ச்சு வச்சுக் கட்டின மாதிரி. உது வேற பட்டறை வேலை தம்பி. இஞ்சத்தையான் இல்லை."

எல்லாம் எனக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். ஆஸ்திரேலிய ஓணான் குடும்பத்துக்குப் பல் ஒரு மாதிரி, அமெரிக்க இகுவானா குடும்பத்துக்கு வேறு மாதிரி. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. பாலைவனம் என்றால் ஆஸ்திரேலியாதான் என்று முடிவுகட்டியிருந்தேன்.

நியாயமாக நான் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் ஓணானையும் பறிக்க வந்துவிட்டாரே என்றுதான் இருந்தது. விறுவிறுவென்று மாடியேறி, சாராயம் ஊற்றுகிறவர் அனுமதி இல்லாமல் அரிய மாதிரியைக் குச்சியால் குத்திக்கொண்டிருக்கிறார் என்று தலைவரிடம் புகார் சொன்னேன். இன்று எழுதும்போதும் கை கூசுகிறது. அன்று ஓட்டமாக ஓடித்தான் சொன்னேன்.

தலைவர் என்னோடு இறங்கி வந்தார். "என் ஓணானை என்ன செய்தீர்கள்?" என்றார். அது அப்போது அவருடைய ஓணான் அல்லவா!

பல்லண்ணை கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு தடவைதான் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"ஓம் சேர். தம்பிக்கு ஒரு சந்தேகம் வந்திட்டுது. தபாலிலை போட முதல் பல்லைப் பாத்துச் சொல்லச் சொன்னவர். அதுதான் பாத்தனான்."

"என்ன சந்தேகம்?" என்று தலைவர் என் பக்கம் திரும்பினார்.

ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்டதை, பத்து வருடம் ஆராய்ந்தவன் போல ஒப்பித்தேன். நாக்கு இரண்டு இடத்தில் குழறியது. பல்லண்ணை ஒவ்வொரு வாக்கியத்துக்கும், "ஓம், தம்பி அப்பிடித்தான் சொன்னவர்" என்று முட்டுக்கொடுத்தார்.

தலைவர் நூலகத்திலிருந்து தடிமனான ஓர் அமெரிக்கப் புத்தகத்தைக் கொண்டுவரச் செய்தார். இருந்தது. கொம்பு, முள், திமில் இல்லாத கழுத்து, எல்லாம் அச்சாக. வட அமெரிக்கப் பாலைவனத்துக் கொம்பு ஓணான். தேரை உடம்பு, தட்டை மூக்கு என்று பொருள்படும் பெயரை நூறு வருடங்களுக்கு முன்பே வைத்துவிட்டார்கள். எவரோ எப்போதோ பரிமாற்றமாக அனுப்பிய பாட்டில்! கடல் கடந்த இரண்டு பாலைவனங்களில், ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல், எறும்பு தின்று முள் வளர்த்து ஒரே சாயலுக்கு வந்துவிட்ட இரண்டு ஜீவன்கள்.

தன் பெயர் போன துக்கத்தில் தலைவர் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் தோளைத் தட்டினார். "அனுப்பியிருந்தால் உலகமே சிரித்திருக்கும். தன் கண்டுபிடிப்பையே சந்தேகப்படுகிறவன்தான் விஞ்ஞானி." அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்.

பல்லண்ணையிடம் போய் நின்றேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க? நான் உங்க மேல புகார் சொல்லத்தான் போனேன்."

"தெரியும். உந்தப் படியிலை நீர் ஏறின சத்தத்திலையே விளங்கிட்டுது." அடுத்த பாட்டிலைத் திறந்து ஊற்றத் தொடங்கினார். "உமக்கு இது தொழில் தம்பி. எனக்கு இது போத்தில். உம்மடையைக் கெடுத்து நான் என்ன செய்ய?"

அதற்குமேல் பொறாமைப்பட முடியாது என்று நீங்கள் நினைப்பீர்கள். முடிந்தது. பெருந்தன்மையிலும் இந்த ஆள் என்னை முந்திவிட்டாரே என்று ஒரு வாரம் தூங்கவில்லை.

அடுத்த ஆண்டு பரீட்சையில் தேறி, மெல்போர்னில் ஒரு பல் பட்டறைக்கு வேலை கிடைத்துப் புறப்பட்டார். தலைவர் விருந்து வைத்தார். மார்ஜரி முழுக் கேக்கையே பெட்டியில் கட்டிக் கொடுத்தாள். நான் ரயில் நிலையம் வரை பெட்டி தூக்கினேன். "போட்டு வாறன் தம்பி" என்றார். கட்டடத்தில் மறுபடியும் நான் ஒரே தமிழன். கேக்கில் பெரிய துண்டும் எனக்கே.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் பக்கத்தில் பல்லண்ணை வழக்கமாக உட்காரும் நாற்காலியைத் தொட்டு, இதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்டாள். அறையில் வேறு இடமே இல்லை.

ஆள் வருவார் என்று சொல்லிவிட்டேன்.