சுண்ணாம்பு மானேஜரும் என் வலது காலும்

சுண்ணாம்பைக் கண்டால் நோய்கள் பயந்து ஓடிவிடும் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். வெள்ளைக்காரன் காலத்தில் ராயபுரத்தில் எங்கள் தரும ஆஸ்பத்திரிக்கு மானேஜராக இருந்தவர் அவர். பெயர் எவருக்கும் தெரியாது. சுண்ணாம்பு மானேஜர் என்றால் கல்மண்டபம் வட்டாரம் முழுக்கத் தெரியும்.

அதற்கு முன் சரக்குக் கிடங்கைக் கவனித்தவர். வந்த புதிதில் சுவர், தூண், கட்டில் கால் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தார். சாய்ந்து உட்கார்ந்த நோயாளிகளின் முதுகும் வெளுத்தது. காய்ச்சல்தான் அப்படியே இருந்தது.

பிறகு புதுச் சட்டம் போட்டார். எந்த வார்டிலிருந்து புகார் வருகிறதோ அந்த வார்டு ஆயாதான் ஆஸ்பத்திரியின் மலச்சட்டி அத்தனையும் கழுவ வேண்டும். உடனே புகார் நின்றது. மானேஜர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் போய்ப் படுத்தேன். இன்றைக்கு லாரிகளுக்குச் சொந்தக்காரன். அன்றைக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். பலபேர் சேர்ந்து தூக்கும் பெட்டியை ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டுகிறேன் பார் என்று சவால் விட்டு, காலிலேயே போட்டுக்கொண்டேன்.

கட்டுக்குள் கால் வீங்கியது. வார்டு ஆயா ஜெகதா காதோடு சொன்னாள்: "நைனா, வலிக்குதுன்னு மட்டும் சொல்லிடாதே. சட்டி கழுவியே என் இடுப்பு பூடும்."

"எனக்கா வலி? நான் யாருன்னு நெனச்சே?"

டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். அவர் போனதும் போர்வையைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள், தன் சாதனையைத் தானே அனுபவித்துப் பார்க்க மானேஜர் பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்தார். மூக்கைச் சுளித்தார். எழுந்து என் போர்வையை விலக்கினார்.

"இன்னாய்யா இது? இந்த நாத்தம் நாறுது, வலிக்கலியா?"

"சும்மா எறும்பு கடிக்கிற மாதிரி கீது, சார்."

"எறும்பா? காலே பூடும்டா, கஸ்மாலம்!"

செருப்பைக்கூட மாட்டாமல் டாக்டரைத் தேடி ஓடினார். ஒரு விரல் போயிற்று, கால் தப்பியது.

"ஏன் எங்கிட்ட சொல்லலே?" என்று ஜெகதாவைக் கேட்டார்.

"சொன்னா சட்டிய யாரு கழுவுறது? நீயா?"

அன்றைக்கு அவர்தான் கழுவினார். மறுநாள் சட்டம் தலைகீழானது. புகாரே வராத வார்டின் ஆயாவுக்குத்தான் இனிமேல் சட்டி.

"இன்னாப்பா, ஒருத்தனுக்கும் வலி இல்லியா? சும்மா கத்துங்க!" என்று ஜெகதா கட்டில் கட்டிலாகக் கெஞ்சினாள்.

வார்டு மீன் ஏலம் போல ஆகிவிட்டது. கத்துகிறவன் கட்டிலில் மானேஜர் வந்து உட்கார்ந்து, எங்கே வலி, எப்படி வலி என்று பொறுமையாக விசாரிப்பார். சத்தம் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் ஏது? புண் ஆறிய பிறகும் சில நாள் கத்திக்கொண்டுதான் இருந்தேன், அவர் வந்து உட்காருவார் என்று.