கதவிடுக்கும் மாமனாரும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. இங்கே கார் கதவுகள் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே உங்கள் நலனையும், நீங்கள் கட்டி முடித்த மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்பதையும் அறிய ஆவல்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து உங்கள் அப்பாவை அழைத்துப்போக வேண்டும். அந்த அறை கட்டும்வரை என்றுதான் மாமா இங்கே வந்தார். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபமெல்லாம் போன மாதமே வந்து போய்விட்டது.

மாமா ஒரு காலத்தில் ஓட்டிவிட்டு என் ஷெட்டில் நிறுத்திய பழைய காரை நான் புதுப்பித்துக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். இன்ஜின் ஓடுகிறது. அதில் யாரும் குறை சொல்லவில்லை, அது வெளியே தெரியாதே. தொல்லையெல்லாம் வெளித் தகடுகளில்தான். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்து தகடு தட்டிச் சரிசெய்கிற டிங்கர் ஓர் அட்டைத் துண்டை அதில் விட்டு இழுத்துப் பார்க்கிறார். மேலே சிக்குகிறது, கீழே தொளதொளக்கிறது. கீலைத் தளர்த்திக் கதவைத் தூக்கினால் மட்கார்டு முட்டுகிறது, மட்கார்டை முன்னே தள்ளினால் பானட் மூட மறுக்கிறது, பானட்டைச் சரிசெய்து நிமிர்ந்தால் கதவு பழையபடி தொங்குகிறது. பழைய குருடி கதவைத் திறடி என்பார்களே, இங்கே அந்தக் கதவும் ஒழுங்காகத் திறப்பதில்லை.

இத்தனையும் நடக்கும்போது மாமா எங்கே என்கிறீர்களா? காருக்குள்ளேதான். காலையில் செய்தித்தாளோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் டிங்கர் கிளம்பும்வரை இறங்குவதில்லை. "என் கார்ல நான் உக்காராம வேற யாரு உக்காருவா?" என்கிறார். தீர்ப்பும் அங்கிருந்தே வரும். "மாப்பிள்ளை, மேல வெளிச்சம் ஒடுக்கமா வருது, கீழ அகலமா வருது." டிங்கர், "பெரியவர் சொல்றதும் சரிதாங்க" என்று மறுபடியும் கீலைத் தளர்த்துவார். உங்கள் தங்கையிடம் முறையிட்டால், "இந்த வயசுலயும் அப்பாவுக்குக் கண்ணு இவ்வளவு தெளிவா இருக்கேன்னு சந்தோஷப்படுங்க" என்கிறாள்.

காரோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வீட்டிலுள்ள அலமாரி, ஜன்னல், குளியலறைக் கதவு எல்லாவற்றிலும் மாமா அட்டையை விட்டுப் பார்த்துவிட்டார். போன வாரம் சாப்பிடும்போது என்னையே உற்றுப் பார்த்தவர், "மாப்பிள்ளை, உங்க முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல கீழ கொஞ்சம் இடைவெளி கூடுது" என்றார். பெண் கொடுக்கும்போது இதையெல்லாம் பார்க்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்று ஒருவழியாக எல்லா இடுக்கும் ஒத்து வந்தது. அட்டை நான்கு கதவிலும் வழுக்கிக்கொண்டு ஓடியது. இனி பெயிண்ட் வேலைதான். ஈரப் பெயிண்டில் மாமா விரல் வைத்துப் பார்க்காமல் இருக்கப்போவதில்லை. அதனால் அவரிடமே விஷயத்தைச் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், "சரி மாப்பிள்ளை, எப்ப கெளம்பணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் வீட்டுக் கதவுகளாவது முட்டாமல் மோதாமல் மூடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டிங்கர் வந்துவிட்டார். மாமா அறையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார், காரில் யாரும் இல்லை. நேற்று ஓடிய அட்டை இன்று பாதிக்குக் கீழே நுழையவே இல்லை. டிங்கர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தார். "ஐயா, பெரியவர் உள்ள இருக்கும்போதே எல்லாத்தையும் செட் பண்ணிட்டோம். துருப்பிடிச்ச அடித்தகடு அவரு எடைக்கு அமுங்கியிருந்திருக்கு. எறங்கினதும் மேல வந்துருச்சு." பிறகு அவரே ஒரு மணல் மூட்டையைப் பின் சீட்டில் ஏற்றினார். அட்டை அழகாக ஓடியது. "மூட்டைய வச்சுக்கிட்டே அடித்தகட்டப் பலப்படுத்திடலாம், கவலைய விடுங்க" என்றார். நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது மேல் பக்கம் ஒடுக்கம் என்று சொல்லவில்லை, கீழ்ப் பக்கம் அகலம் என்றும் சொல்லவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை மச்சான். மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டேன். மாமாவிடம் போய், நீங்கள் உட்காராமல் கதவு சேராதாம், மூட்டை வைத்தும் பார்த்துவிட்டோம், சரிப்படவில்லை என்றேன். "அதெப்படி சேரும்?" என்று பெட்டியை அப்படியே விட்டுவிட்டுச் செய்தித்தாளைத் தேடப் போய்விட்டார். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால், மூட்டை வைத்தபோதும் அட்டை ஓடியதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.