உன் அண்ணனின் காளான் இடம்

அன்புள்ள கொழுந்தன் தல்ஹோவுக்கு, அண்ணி எழுதுவது. பூசான் கடற்காற்றில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உன் அண்ணன் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்குகிறது, ருசிதான் தெரியவில்லை.

போன வசந்தத்தில் எரிந்த நம் மலையில் இப்போது கன்று நடப்போகிறார்கள் தம்பி. வனத்துறைக்காரர் ஊர்க்கூடத்தில் ஆளுக்கொரு சிவப்புத் துணி கட்டிய குச்சியைக் கொடுத்து, "பைன் மரம் சட்டுனு தீப்பிடிக்குது, அதனால மலை முழுக்க ஓக் மரம்தான். காளான் முளைச்ச இடத்துல மட்டும் குச்சி நட்டு வைங்க, அங்க பைன் வெச்சுத் தர்றோம்" என்றார். பாவம், வெளியூர்க்காரர். பைன் அடியில் மட்டுமே முளைத்துப் பொன்விலைக்குப் போகிற காளானின் இடத்தைப் பெற்ற பிள்ளைக்கே சொல்லாத ஊரில் கொடி நட்டுக் காட்டச் சொல்கிறார்!

மறுநாள் விடிந்ததும் ஊரே குச்சியை முதுகில் ஒளித்துக்கொண்டு மலையேறியது. பக்கத்து வீட்டு மன்சிக் எங்கே நடுகிறார் என்று பார்க்க நான் அவர் பின்னால் போனால், அவர் என் பின்னால் வருகிறார், இரண்டு பேரும் ஒரே பாறையை மத்தியானம்வரை சுற்றினோம்.

"என்னம்மா, இந்தப் பக்கம்?"

"கீரை பறிக்க வந்தேன்."

"எரிஞ்ச மலையில ஏது கீரை?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நானும் கீரைக்குத்தான்."

கடைசியில் மற்றவர்களை ஏமாற்ற ஊர்த்தலைவர் ஓடைக்கு நடுவிலும் மன்சிக் தன் மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னாலும் குச்சி நட்டார்கள். இன்று வைக்கிற பைனில் காளான் வர முப்பது வருஷம் ஆகும். மன்சிக்குக்கு இப்போதே எண்பது!

சிரிக்காதே. என் குச்சி மூலையில் சாய்ந்தே கிடக்கிறது. எனக்கு இடமே தெரியாது. வருஷா வருஷம் நாய் கோமை மட்டும் கூட்டிக்கொண்டு போவார், அதுதான் யாரிடமும் சொல்லாதாம். கடைசி நாளில் காதோரம் குனிந்து, "இப்பவாவது சொல்லுங்க, எந்த இடம்?" என்று அழுதேன். "என்னை வடக்குச் சரிவுல புதை" என்றார். நான் கேட்டது என்ன, அவர் சொன்னது என்ன! வெயிலே படாத அந்தச் சரிவுக்குத் தூக்கிப்போனவர்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள், நீயும் ஒரு ஷூவைத் தொலைத்தாய். இப்போது புல்லெல்லாம் கருகி அவர் கல்லறை மேடு மொட்டைத்தலையாய் நிற்கிறது. தினம் காலையில் அங்கே போய்ப் படுப்பது கோம் மட்டும்தான். "என்ன விசுவாசம்!" என்று ஊரே கண்ணைத் துடைக்கிறது.

காளான் போகட்டும் தம்பி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளை நம்பவில்லையே என்பதுதான் நெஞ்சில் கிடக்கிறது. உனக்காவது சொன்னாரா? ஞாயிற்றுக்கிழமை கன்று வருகிறது. அதற்குள் நீயே வந்து காட்டு.

உன் மனைவி மக்கள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

அண்ணி

பின்குறிப்பு: வரவேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் அவரோடு சண்டை போடலாம் என்று ஒரு புட்டி சோஜு சாராயத்தோடு மேட்டுக்குப் போனேன். கோம் படுத்திருக்கவில்லை. மேட்டைச் சுற்றி மோந்து மோந்து, ஒவ்வொரு கருகிய பைன் அடியிலும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அது துக்கத்துக்குப் போகவில்லை தம்பி, வேலைக்குப் போயிருக்கிறது! கேட்டதற்குத்தான் உன் அண்ணன் பதில் சொல்லியிருக்கிறார், எனக்குத்தான் விளங்கவில்லை. குச்சியை நட்டுவிட்டேன். யார் கேட்டாலும் கல்லறைக்கு நிழல் வேண்டும் என்பேன். ஐயோ, உனக்கு எழுதிவிட்டேனே! படித்ததும் இதை எரித்துவிடு. வேண்டாம், நெருப்பே வேண்டாம். மென்று விழுங்கிவிடு.