டீக்கு அடித்த ஹார்ன்

ஜெர்மன் போலீஸ்காரர் ஒருவரிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்யை அதே இடத்தில், அவர் கண் முன்னாலேயே போட்டு உடைத்தவர் என்னைப் பெற்ற வாப்பா. இரண்டையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன் இந்தக் கதையைத்தான் கொடுக்கிறார்கள்.

வாப்பாவுக்கு ஊர் கீழக்கரை. தொழில் அபுதாபி முசஃபாவில் ஆட்டோ எலக்ட்ரீசியன். வண்டியின் வயரிங், லைட், ஹார்ன் எல்லாம் அவர் கைக்கு அடங்கும். நான் பிறந்து வளர்ந்ததும் அபுதாபியில்தான். மேல்படிப்புக்கு மியூனிக் போனேன். படிப்பு முடிகிற நேரத்தில் அங்கேயே ஒரு வேலையும் கிடைத்தது. உம்மா மட்டும் சம்மதிக்கவில்லை.

"வாப்பா வந்து பார்க்கட்டும். நீ அங்க எப்படி இருக்கேன்னு அவங்க வந்து சொல்லட்டும். அப்புறம் பேசலாம்" என்று போனை வைத்துவிட்டார்.

வாப்பா கீழக்கரைக்குப் போக வைத்திருந்த லீவில் பத்து நாளை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். வந்திருப்பது தகப்பனார் இல்லை, இன்ஸ்பெக்டர் என்று நான் முடிவு கட்டினேன். இந்தப் பெண்ணுக்கு இந்த நாடு அத்துப்படி என்று அவர் உம்மாவிடம் சொன்னால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அதனால் அவரை ஊர் ஊராகச் சுற்றிக்காட்டிக்கொண்டே முதல் நாளிலிருந்து வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன். மியூனிக்கில் ரயிலில் சத்தமாகப் பேசக் கூடாது வாப்பா. வியன்னாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்க வேண்டும் வாப்பா. பிராகில் பாலத்து நடுவில் நின்று உம்மாவுக்கு வீடியோ கால் போடக் கூடாது வாப்பா. (கடைசியது சட்டமே இல்லை. எனக்குக் கூச்சம், அவ்வளவுதான்.)

எல்லாவற்றுக்கும் வாப்பா "சரிம்மா" என்றார். முசஃபாவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மெக்கானிக்குகள் ஒரு தெரு நிறைய இருக்கிறார்கள். அந்த மனிதர் வியன்னாவில் என் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பார்த்ததை எல்லாம் அவர்தான் சரியாகப் பார்த்தார். வியன்னா அரண்மனையில் நான் ராணியின் கதையை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருக்க, அவர் பெரிய கதவு ஒன்றை மெல்ல ஆட்டிப் பார்த்து, "இத்தனை வருஷத்துக் கதவு, ஒரு கிறீச் இல்லை பாரும்மா. யாரோ விடாம எண்ணெய் போடுறான்" என்றார். பிராகில் நான் போனில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அரை மணி நேரம் வழி தேடினேன். அவர் ஒரு டாக்ஸிக்காரர் முகத்தைப் பார்த்து "பாய்!" என்று கூப்பிட, பாகிஸ்தான்காரரான அவர் இறங்கி வந்து வழியும் சொல்லி, கையில் ஆரஞ்சுப் பழமும் கொடுத்துவிட்டுப் போனார்.

இனி முசஃபாவில் டீ குடிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். அங்கே டீக்காக யாரும் காரை விட்டு இறங்குவதில்லை. கஃபட்டீரியா என்கிற சின்ன டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு ஹார்ன் அடித்தால் கடைக்கார மலையாளி சேட்டன் எட்டிப் பார்ப்பார். எத்தனை விரலைக் காட்டுகிறோமோ அத்தனை டீ பேப்பர் கப்பில் வரும். வெயில் அப்படி. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இந்த ஹார்ன் சத்தத்தில் தூங்கிப் பழகியவள்.

பத்தாம் நாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. வாடகைக் கார் எடுத்து (அந்த ஊர் லைசென்ஸ், இரண்டாவது முயற்சியில் வாங்கியது) மலையடிவாரத்து ஏரி ஒன்றைக் காட்ட அழைத்துப் போனேன். வழியில் ஒரு சின்ன ஊர். வாப்பா ரொம்பத் தயங்கி, "ஒரு டீ கிடைச்சா நல்லா இருக்கும்மா" என்றார்.

பத்து நாளில் அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். அந்த நொடியில் நான் ஜெர்மனியை மறந்து முசஃபாவுக்கே போய்விட்டேன். எதிரே ஒரு ரொட்டிக்கடை. உள்ளே மேசை, நாற்காலி, விளக்கு வெளிச்சம். வாசலில் நிறுத்தினேன். பீம், பீம் என்று அடித்தேன். இரண்டு விரலைக் காட்டினேன்.

யாரும் வரவில்லை. சேட்டனுக்குக் காது கேட்கவில்லை போல என்று இன்னும் நீளமாக ஒன்று அடித்தேன். (முதல் இரண்டையாவது பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம்.)

தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எங்கோ ஒரு நாய் குரைத்தது. ஹார்ன் அடித்தால் உள்ளே இருந்து ஆள் வரும் என்ற எங்கள் ஊர் நம்பிக்கை பொய்க்கவில்லை, ஆளும் வந்தார். ரொட்டி வாங்க வந்திருந்த போலீஸ்காரர், முழுச் சீருடையில், கையில் ரொட்டிப் பையோடு.

ஆபத்துக்கு மட்டும்தான் இங்கே ஹார்ன் அடிக்கலாம், உங்களுக்கு என்ன ஆபத்து என்று கேட்டார். நான் பெருமையடித்த ஜெர்மன் மொழியெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. வாயில் வந்தது ஒரே வாக்கியம். "ஹார்ன் பழுதாகிவிட்டது, தானாக அடிக்கிறது."

"அப்படியானால் இந்த வண்டி நகரக் கூடாது. வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்" என்றார் அவர்.

வாப்பா மெல்லக் கேட்டார். "என்னம்மா சொல்றாரு?"

"ஹார்ன் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கேன் வாப்பா. நீங்க சும்மா இருங்க."

"எந்த ஹார்ன்?"

"இந்த ஹார்ன்தான்."

பத்து நாளாக "சரிம்மா" என்றவர் அன்று சரி என்று சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். "சார், ஹார்ன் குட். வெரி குட் ஹார்ன்" என்றார். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். வயரைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஒரு முறை அடித்தும் காட்டினார். தெரு நான்காவது முறையாக அதைக் கேட்டது.

"ஹார்ன், நோ ப்ராப்ளம்" என்றவர், திரும்பி என்னைக் காட்டினார். "ப்ராப்ளம், மை டாட்டர். டீ." ஸ்டியரிங்கில் அடிப்பது போலவும் கப்பில் குடிப்பது போலவும் கையால் நடித்தும் காட்டினார்.

"வாப்பா!"

"என்னம்மா? நல்லா இருக்குற ஹார்ன் மேல பழி போடலாமா? நீ சொன்னதை நம்பி எவனாவது அதைக் கழட்டி வீசிடுவான்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். உங்கள் ஊரில் ஹார்ன் அடித்தால் டீ வருமா என்று கேட்டார். வரும் என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு ஹார்ன் சட்டத்தை என் வாயாலேயே சொல்லச் சொன்னார். வகுப்பு எடுத்த நான் நடுத்தெருவில் மாணவியாக நின்று ஒப்பித்தேன். கடைக்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டார்.

கேட்டேன். அந்த அம்மா சிரிக்கவே இல்லை. "பால் வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பீங்கான் கோப்பைகளைத் தட்டில் வைத்து அவரே கார் ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். கோப்பை திரும்பி வரவேண்டுமே, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். வாப்பா நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். டீ எப்படி என்று அந்த அம்மா கேட்டதற்கு, "ஹாட். வெரி ஹாட்" என்றார். (அதிலும் பொய் இல்லை, கவனியுங்கள்.)

எனக்கு அழுகையாக வந்தது. வேலை போச்சு என்று தெரிந்துவிட்டது. அதையும் மீறி, பிள்ளை மாட்டிக்கொண்டாலும் ஹார்ன் மேல் பழி வரக் கூடாது என்று நிற்கிற இந்த மனிதரையா பத்து நாள் சிக்னல் சிக்னலாக அதட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது உம்மா போன் செய்தார். வாப்பா ஸ்பீக்கரில் போட்டு ஒன்று விடாமல் சொன்னார். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

"டீக்கா ஹார்ன் அடிச்சா?"

"மூணு தடவை."

உம்மா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சிரிப்போடு சிரிப்பாக அழுததும் கேட்டது. "தினமும் போன்ல நீங்க சொன்னதைக் கேட்டுப் பயந்துபோயிட்டேன். மெதுவாப் பேசுறா, சிக்னல்ல நிக்கிறா, உங்களை அதட்டுறான்னு. யார் வீட்டுப் புள்ளையோன்னு இருந்துச்சு. இப்பத்தான் உயிர் வந்துச்சு. இருந்து வேலை பார்க்கட்டும், அல்ஹம்துலில்லாஹ்."

வாப்பா என்னைப் பார்த்து, "சரியாம்மா?" என்றார்.

போன மாதம் சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினேன். வீடியோ காலில் வாப்பாவுக்குக் காட்டினேன். எஞ்சினைக் கேட்கவில்லை, டயரைக் கேட்கவில்லை. "ஹார்ன் அடிச்சுக் காட்டும்மா" என்றார். தெருவில் யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக ஒன்று அடித்தேன்.

அபுதாபியில் சமையலறையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "எத்தனை டீ?"