வில்லியம் மாஸ்டரின் குளிர்ப்பெட்டி

“மோட்டர் நல்லாத்தானே இருக்கு!” என்றான் நதானியேல், பிரேதக் குளிர்ப்பெட்டியின் கால்மாட்டில் குப்புறப் படுத்தபடி.

“நல்லா இருக்கிற மோட்டர் ஏனண்ணை ஓடேல்லை?” என்று கேட்டான் ஜெரிசன். குளிர்ப்பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்தவன் அவன்தான்.

கோப்பாயில் எரிந்த மோட்டர்களுக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடை வைத்திருக்கும் நதானியேல் பெட்டிக்கடியில் மறுபடி தலையை நீட்டினான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. கம்பிச் சுருளைச் சோதிக்கும் மீற்றரின் முள்ளும் ஒரு பழுதுமில்லையென்றே காட்டியது. மோட்டர்தான் அசையவில்லை.

கண்ணாடிக்குள் வில்லியம் மாஸ்டர் கண்மூடிக் கிடந்தார். தலைமாட்டில் அவர் மனைவி சீலா அன்ரி கண்ணாடியைத் தடவியபடி இருந்தார். உடல் பழுதாகாமலிருக்க மாஸ்டருக்கு ஊசி மருந்து ஏற்ற அவர் விடவில்லை. கனடாவிலிருந்து மகள் ஷாமினி வந்துசேர நாளைக் காலையாகும். வெளியே சித்திரை வெயில். ஈக்கள் வரத் தொடங்கியிருந்தன.

“அப்ப மீற்றர்தான் பொய் சொல்லுது,” என்றான் நதானியேல்.

சொன்ன கையோடு அவனுக்குத் தன் பழைய வேலைகள் நினைவுக்கு வந்தன. இந்த மீற்றரின் பேச்சைக் கேட்டுத்தானே எத்தனையோ தோட்டக்காரரின் மோட்டர்களை எரிந்துபோனதென்று சொல்லிக் கம்பியை உருவினான்!

பற்றரி இறங்கியிருக்குமென்று சுவர் மணிக்கூட்டின் பற்றரிகளைக் கழற்றி மீற்றருக்குப் போட்டான். முள் அதே இடத்தில் நின்றது. செபத்துக்கு வந்த ஒரு பெரியவர் மணிக்கூட்டை நிமிர்ந்து பார்த்து, “மாஸ்டரோடை அதுவும் நிண்டிட்டுது,” என்று கண்ணைத் துடைத்தார்.

அடுத்து மீற்றரின் வயர்களில் சந்தேகம் வந்தது. புதிதாக ஈயம் பிடிக்கச் சூட்டுக்கோலைச் சுவர்ப் பிளக்கில் செருகினான். ‘டப்’ என்று வீட்டுக் கரண்ட் முழுதும் போனது. மின்விசிறிகள் நின்றன. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டுப் புத்தகங்களால் விசிறிக்கொண்டார்கள்.

கரண்ட் திரும்பியதும் மீற்றரையே திறந்தான். உள்ளிருந்த சின்னச் சுருள்வில் துள்ளி எங்கோ விழுந்தது. முள் தலை சாய்ந்தது.

“இனி என்னண்ணை செய்யிறது?”

“மோட்டரைக் கழற்றிப் பாப்பம்.”

திருப்பின திருப்பில் குழாய் முறிந்து, ‘உஸ்ஸ்’ என்று குளிரூட்டும் காஸ் முழுவதும் வெளியேறியது. ஜெரிசன் தலையில் கைவைத்துக் குந்திவிட்டான்.

போதகர் மெல்ல வந்து, “பின்னேரமே அடக்கம் செய்வமோ?” என்றார். யாரோ போனை நீட்டினார்கள். “அப்பான்ரை முகத்தைப் பாக்காமல் மூடிப்போடாதேங்கோ!” என்று விமான நிலையத்திலிருந்து ஷாமினி கதறியது எல்லோருக்கும் கேட்டது. நதானியேலுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கடைசியில் பருத்தித்துறை மீன்வாடியிலிருந்து ஐஸ் கட்டிகள் வந்து இறங்கின. மீன் மணம் கூடம் முழுதும் பரவியது. கண்ணாடி மூடியைத் திறந்தார்கள். தன் பிழைக்குத் தானே ஈடுசெய்வதுபோல, நதானியேல் முதல் கட்டியைத் தூக்கி மாஸ்டரின் தோளருகே கொண்டுபோனான்.

சீலா அன்ரி துள்ளி எழுந்து அவன் கையைப் பிடித்தார்.

“வைக்காதையும் தம்பி! அவருக்குக் குளிர் ஒத்துவராதெண்டுதானே, காலமை ஒருத்தரும் பாக்காத நேரம் உந்தப் பெட்டியின்ரை குளிர்க் குமிழைத் திருப்பி நான் முழுக்கக் குறைச்சு நிப்பாட்டிவிட்டனான்!”